சுவர் தாண்டாத தோட்டா

என் மகள் அமெரிக்காவில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினாள். அதில் எந்தத் தோட்டா போடலாம் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். நான் சொன்ன தோட்டாவில்தான் என் அக்கா மகன் செத்தான். அவன்தான் என் மகளுக்குப் புருஷன்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அபுதாபியில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. கிளீனிங் கம்பெனி விசாவில் வந்தவன். கம்பெனி என்னை அங்கே கொண்டு போய் விட்டது. கையில் ஒரு விளக்குமாறு. சுட்டுத் தள்ளிய பித்தளைக் கூடுகளைக் கூட்டி அள்ள வேண்டும். அதுதான் வேலை. கூடு வெளியே வந்து விழும்போது நெருப்பாக இருக்கும். ஒன்று என் சட்டைக் காலருக்குள் விழுந்து கழுத்தில் வடு ஆகிவிட்டது.

அப்புறம் கவுன்டருக்கு மாற்றினார்கள். வருகிறவர்களுக்குத் தட்டில் ஐம்பது தோட்டா எண்ணி வைக்க வேண்டும். மிச்சத்தை எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரும் ரூமுக்குப் போக முடியாது. எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை.

இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. எங்களைச் சுட விடமாட்டார்கள். நானும் கேட்டதில்லை. ஆனால் தெரியும். காதை அடைத்துக்கொண்டு நின்றாலும் சத்தத்தை வைத்து எந்தத் துப்பாக்கி என்று சொல்லிவிடுவேன். எந்தத் தோட்டா துப்பாக்கிக்குள் சிக்கும், எது சிக்காது, எது கையை உதறும், எல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்தது.

சுடச் சொல்லிக் கொடுக்கிறவர்களில் ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா உண்டு. எல்லாரும் மேடம் என்போம். முன்னால் அவர்கள் ஊர் போலீசில் இருந்தவர். என்னை அங்கிள் என்று கூப்பிடுவார். எங்களுக்குள் பாதி இங்கிலீஷ், பாதி இந்தி, மிச்சம் கை ஜாடை. அவர் ஒருநாள் சொன்னார், நீங்கள் சுடுவதே இல்லை, ஆனால் சுடுவதைப் பற்றி எல்லாருக்கும் சொல்கிறீர்கள், எங்கள் ஊரில் கல்யாணமே பண்ணாத பாதிரியார் புருஷன் பெண்டாட்டிக்குப் புத்தி சொல்வது மாதிரி. நானும் சிரித்தேன்.

எங்கள் கிளப்பில் குறி வரைந்த அட்டையைச் சுடுகிற தோட்டாதான் உண்டு. மூக்கு உருண்டையாக இருக்கும். மேலே செம்புத் தகடு. போலீஸ்காரர்கள் பயிற்சிக்கு வந்தால் வேறு ஒன்று கொண்டு வருவார்கள். அதன் மூக்கில் சின்னக் குழி இருக்கும். என்ன வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டேன். மேடம் தண்ணீர் கேன்களை வரிசையாக வைத்துச் சுட்டுக் காட்டினார். உருண்டை மூக்கு நாலு கேனைத் துளைத்துப் போய் மண்மேட்டில் புதைந்தது. குழி மூக்கு இரண்டாவது கேனோடு நின்றுவிட்டது. எடுத்துக் கையில் கொடுத்தார். உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி நாலாபுறமும் விரிந்திருந்தது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அதுதான் என் படிப்பு. அதைத்தான் மகளுக்குச் சொன்னேன்.

மகளுக்கு நாலு வயசில் என் மனைவி போய்விட்டாள். மஞ்சள்காமாலை. நான் இங்கே இருந்தேன். அப்போது வேறு கம்பெனி. போய்க் காரியம் முடித்துவிட்டு இருபதாம் நாள் திரும்பி வந்தேன். பிள்ளையை அக்காவிடம் விட்டேன். எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். அக்காவும் புருஷனை இழந்தவள். ஒரே மகன், அப்போது அவனுக்கு ஒன்பது வயசு. இரண்டையும் ஒரு தட்டில் போட்டு ஊட்டி வளர்த்தாள். அவள் சம்பாதிக்க வழியில்லை, நான் பணம் அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் போவேன். மகள் அக்கா முந்தானைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்ப்பாள். என்னிடம் ஒட்ட இருபது நாள் ஆகும். இருபத்தைந்தாம் நாள் பெட்டி கட்டிவிடுவேன்.

பையன் டிப்ளமா முடித்தான். நான்தான் இங்கே கூட்டி வந்தேன். ருவைஸ் என்ற ஊரில் எண்ணெய் பிளான்ட்டில் மெயின்டனன்ஸ் வேலை. லீவு நாளில் மூணு மணி நேரம் பஸ் பிடித்து என் ரூமுக்கு வருவான். நான் மீன்குழம்பு வைப்பேன். தின்றுவிட்டுச் சட்டி பாத்திரம் எல்லாம் அவனே கழுவிக் கவிழ்ப்பான். எனக்கு இடுப்பு பிடித்துப் படுத்த வாரம் என் யூனிபாரத்தைத் துவைத்துப் போட்டவன். விசா போட்டோவுக்கு முந்தின நாள் உட்கார வைத்து முடிக்குச் சாயம் அடித்துவிடுவான்.

"மாமா, இப்படியே போனா விசா கிடைக்காது. பென்ஷன்தான் குடுப்பாங்க."

"அடிடா பேசாம."

"நான் அடிக்கிறேன். நீங்க பேசாம இருங்க."

அப்படித்தான் பேசுவான். அவன் கை என் தலையில் இருந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. அவன் கெட்டவன் என்று யாராவது சொன்னால் நான் இல்லை என்று சொல்ல முடியாது. நல்லவனாக இருந்ததையும் இல்லை என்று சொல்ல முடியாது.

மகள் நர்சிங் படித்தாள். படித்து முடித்ததும் அக்கா போனில் சொன்னாள், என் மகனுக்கே அவளைக் கொடுத்துவிடு, வெளியே கொடுத்தால் அவளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. எனக்குச் சந்தோஷம். முறை சரி. பையனை எனக்குத் தெரியும். இதைவிட என்ன வேண்டும். மகளிடம் கேட்டேன் என்று எழுதினால் அது பொய். சொன்னேன். சரிப்பா என்றாள்.

கல்யாணம் முடிந்து மூணாம் வருஷம் அவளுக்கு அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. குடும்பத்தோடு நிரந்தரமாகவே இருக்கலாம் என்று கிரீன் கார்டும் கொடுத்தார்கள். அவள் பேரில்தான் எல்லாம். இவன் ருவைஸ் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனான். அங்கே இவன் டிப்ளமா செல்லவில்லை. ஒரு குடோனில் பெட்டி தூக்கினான். போகும்போது, மாமா ஒரு வருஷம் பொறுங்க, உங்களையும் கூட்டிக்கிறேன் என்றான். ஒரு வருஷத்தில் எனக்கு மெசேஜ் போடுவதை நிறுத்திவிட்டான். டூட்டி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே வாட்சப்பில் கால் போகாது. எழுதி அனுப்ப எனக்கு நேரம் எடுக்கும். அவளுக்குப் பொழுது விடியும்போது எனக்குப் பொழுது சாயும். அதனால் நாங்கள் பேசிப் பதிந்து அனுப்பிக்கொள்வோம். அவள் அனுப்புவது வந்து கிடக்கும். நான் டீ நேரத்தில் கேட்பேன். நான் அனுப்புவதை அவள் எழுந்து கேட்பாள். அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. பேசும்போது குரல் உடைந்தால் அதை அழித்துவிட்டுத் திரும்பப் பேசி அனுப்பலாம். எதிரில் இருப்பவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

அப்படி ஒருநாள் வந்தது.

"அப்பா, வேலையா இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும். சின்னத் துப்பாக்கி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கடையில விதவிதமா தோட்டா டப்பா அடுக்கி வச்சிருக்கான். எந்தத் தோட்டா வாங்கட்டும்? உங்களுக்குத் தெரியுமில்ல?"

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். சந்தோஷம் தோன்றியது. எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் காலேஜ், எந்தப் புடவை, எல்லாம் அக்காவிடம்தான் கேட்பாள். எனக்குத் தெரிந்த ஒன்றை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கவுன்டருக்குப் பின்னால் நின்று நாலு தரம் போட்டுக் கேட்டேன். எதற்கு என்று மட்டும் கேட்டேன். இங்கே எல்லாரும் வைத்திருக்கிறார்கள், நானும் நைட் டூட்டி போய் வருகிறேன் என்றாள். சரிதான் என்று பட்டது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தே கேலி செய்தார். என்ன அங்கிள், இன்றைக்கு டாக்டர் மாதிரி நடக்கிறீர்கள் என்றார். பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். தோட்டாவைச் சொல்லும் முன்னால் நாலு விஷயம் கேட்க வேண்டும். துப்பாக்கி என்ன அளவு. கை எவ்வளவு பெரிசு. வீட்டுச் சுவர் எதால் கட்டியது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள். நாலாவது, யாருக்குப் பயப்படுகிறாள்.

"திருடனுக்குத்தான் மேடம்."

"அவ சொன்னாளா?"

"இல்ல."

"கேளுங்க அங்கிள். ஒரு பொம்பளை சும்மா துப்பாக்கி வாங்க மாட்டா."

முதல் மூணையும் கேட்டு அனுப்பினேன். நாலாவதை விட்டுவிட்டேன். மறதியில் விடவில்லை. வீட்டில் ஆம்பிளை இருக்கிறான். என் அக்கா மகன். அவன் இருக்கும் வீட்டில் நீ யாருக்குப் பயப்படுகிறாய் என்று கேட்டால் அது அவனைக் கேவலப்படுத்துவது மாதிரி. அவன் காதில் விழுந்தால் மாமா என்ன நினைத்துவிட்டார் என்று வருத்தப்படுவான். அப்படித்தான் யோசித்தேன். எங்கள் வகையில் யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

பதில் வந்தது. துப்பாக்கி கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒன்பது எம்.எம். அளவுதான். கை சின்னது, உங்களுக்குத் தெரியாதா என்றாள். சுவர் அட்டைச் சுவர்.

"தட்டினா டொம்முனு கேக்கும்பா. அந்தப் பக்கம் ஒரு புருஷன் பொண்டாட்டி, கைக்குழந்தை. எங்க பெட்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொட்டில். அது தும்முனாக்கூட எனக்குக் கேக்கும்."

அந்தக் குழந்தை தும்முவது இவளுக்குக் கேட்டால், இந்த வீட்டில் நடப்பது அவர்களுக்கும் கேட்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. குழந்தைதான் மனசில் நின்றது.

மேடத்திடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு பதிந்து அனுப்பினேன். மூணு நிமிஷத்துக்கு மேல் பேசினேன். என் ஆயுசில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"உருண்டை மூக்கு வாங்காத ஆத்தா. அது அட்டையச் சுடறதுக்கு. ஆளுக்குள்ள போயி வெளிய வந்து, சுவரையும் தாண்டிரும். அந்தப் பக்கம் பச்சப்புள்ள படுத்திருக்கு. மூக்குல குழி இருக்கும் பாரு, அதை வாங்கு. உள்ள போனா விரிஞ்சு அங்கயே நின்னுரும். ஆளும் நின்னுருவான். வேகம் கூடுனதுன்னு ஒண்ணு காட்டுவான், வேண்டாம்னுரு, உன் கை தாங்காது. வாங்குனதும் ரேஞ்சுல போயி ஒரு ஐம்பது சுட்டுப் பாரு, சிக்காமப் போகுதான்னு. சிக்குனா வேற கம்பெனி மாத்து. அவசரத்துல சிக்கிரக் கூடாது."

அவள் சிரித்துக்கொண்டே பதில் அனுப்பினாள்.

"நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லப்பா."

அதற்குப் பிறகு ஒரு மாசம் தினமும் ஒன்று வந்தது. கடைக்குப் போனது, டப்பாவை போட்டோ எடுத்து இதுவா என்று கேட்டது, இது இல்லை பக்கத்தில் உள்ளது என்று நான் சொன்னது. ரேஞ்சுக்குப் போனாள். முதல் கம்பெனித் தோட்டா இரண்டு தடவை சிக்கியது. மாற்றச் சொன்னேன். மாற்றினாள். ஐம்பதும் சிக்காமல் போனது என்றாள். அன்றைக்கு நான் எங்கள் கவுன்டரில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் மகளோடு நான் ஒட்டி இருந்த மாசம் அது ஒன்றுதான். எழுதவே கூசுகிறது.

கடைசியில் ஒரு புத்தி சொன்னேன்.

"பத்திரமா வையி. மாப்ளகிட்டயும் எடுத்துக் காட்டிச் சொல்லி வையி ஆத்தா. ஆபத்துக்கு அவனுக்கும் எடுக்கத் தெரியணும்."

அதற்கு இரண்டு நாள் பதில் இல்லை. மூணாம் நாள் வந்தது. "சரிப்பா." அவ்வளவுதான் இருந்தது. ஒரு செகண்டு.

அதை அப்போதே இன்னொரு தரம் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த ஒரு செகண்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஆறு வாரம் போனது. ஒரு மத்தியானம் கவுன்டரில் தட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து ஒரு கால் வந்தது. மகளோடு வேலை பார்க்கும் நர்ஸ், கேரளாக்காரி. மலையாளமும் தமிழும் கலந்து பேசினாள். அங்கிள், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று முதலில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் புண்ணியமாகப் போகட்டும். அதற்கு அப்புறம் மிச்சத்தைச் சொன்னாள்.

இரண்டு வருஷமாக அடித்திருக்கிறான். கையில் காசு இல்லை, பேர் இல்லை, பெண்டாட்டி சம்பாத்தியம், குடி. ஒருதரம் விலா எலும்பு விட்டிருக்கிறது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே படியில் விழுந்தேன் என்று சொல்லி வைத்தியம் பண்ணிக்கொண்டாள். முந்தின நாள் காலை, நைட் டூட்டி முடிந்து வந்து தூங்கியவளை எழுப்பி அடித்திருக்கிறான். ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவை உடைத்துக்கொண்டு கையில் கத்தியோடு உள்ளே வந்தான். ஒரு தடவைதான் சுட்டிருக்கிறாள்.

சிக்கவில்லை. உடம்பைத் தாண்டவில்லை. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பக்கம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்ன மாதிரியே எல்லாம் நடந்தது.

தட்டில் எத்தனை வைத்தேன் என்று மறந்துவிட்டது. மேடம் வந்து என் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டார். என்ன என்று கேட்டார். நாலாவது கேள்வி என்று மட்டும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவளிடம் பேச முடியவில்லை. போன் போலீசிடம். நான் எமர்ஜென்சி லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

உடம்பு வர பதினோரு நாள் ஆனது. சென்னையிலிருந்து ஆம்புலன்சில் வந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். அக்கா திறக்கச் சொன்னாள். முகத்தைத் துடைத்தாள். சட்டைக்கு மேல் நெஞ்சில் கை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அந்த நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கொள்ளி வைக்கப் பங்காளி வகையில் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அக்கா வேண்டாம் என்றாள். அவனுக்கு அப்பன் மாதிரி இருந்தது என் தம்பிதான், அவன் வைக்கட்டும் என்றாள். வைத்தேன்.

பதினாறு நாள் அங்கே இருந்தேன். அக்கா என் மகள் பேரை எடுக்கவில்லை. ஒரே ஒருநாள் மட்டும், என் கையால் தின்னவள், கேட்டிருந்தால் அவனை நானே வந்து இழுத்துக்கொண்டு போயிருப்பேனே, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்றாள். அழவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். எப்படிச் சொல்வாள். அடித்தது யாருடைய மகன். அவனுக்குக் கட்டி வைத்தது யார். எங்கள் இரண்டு பேரிடமும் அவளுக்குச் சொல்ல வழியில்லை. துப்பாக்கிக் கடைக்காரனிடம்தான் வழி இருந்தது.

தோட்டா நான் சொன்னது என்று அக்காவிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் சொல்ல வேண்டும் என்று எழுவேன். அக்கா என் தட்டில் இட்லி வைப்பாள். தின்றுவிட்டு எழுந்து போவேன். லீவு முடிந்தது.

அபுதாபி வந்த இரண்டாம் மாசம் மகளுடைய வக்கீல் கூப்பிட்டார். பெண் வக்கீல். நடுவில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்து மாற்றிச் சொன்னார். சர்க்கார் தரப்பில் சொல்கிறார்களாம், இவள் திட்டம் போட்டுக் கொன்றிருக்கிறாள் என்று. அதற்குத் தோட்டாவைத்தான் காட்டுகிறார்களாம். பயந்தவள் கையில் கிடைத்ததை வாங்கியிருப்பாள். இவள் தேடித் தேடி, மாற்றி மாற்றி, பழகிப் பார்த்து, ஆளை நிச்சயம் வீழ்த்தும் தோட்டாவை வாங்கியிருக்கிறாள். அப்படிச் சொல்கிறார்களாம்.

அது அவள் தேடியதில்லை, நான் சொன்னது என்றேன்.

எங்களுக்குத் தெரியும் என்றார் வக்கீல். போனில் எல்லாம் இருக்கிறது. உங்கள் குரல் இருக்கிறது. குழந்தையைப் பற்றி நீங்கள் பேசியது இருக்கிறது. அதைக் கோர்ட்டில் கொடுத்து, நீங்களும் சாட்சி சொன்னால் அவர்கள் வாதம் நிற்காது. ஆனால் உங்கள் மகள் கொடுக்க வேண்டாம் என்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். மாற்றிச் சொல்பவர் அவள் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னார்.

"அத்தைக்குத் தெரிஞ்சா அப்பாவ வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அவருக்கு அந்த ஒரு வீடுதான் இருக்கு."

ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டை யோசித்திருக்கிறாள்.

எத்தனை வருஷம் போடுவார்கள் என்று கேட்டேன். வக்கீல் சொன்னார். அவள் வெளியே வரும்போது நான் இருக்க மாட்டேன்.

மூணு நாள் எடுத்துக்கொண்டேன். என்னத்துக்கு மூணு நாள் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பக்கம் பெற்ற மகள். ஆனால் இன்னொரு பக்கம் இருப்பது என்னைத் தூக்கி வளர்த்தவள். என் பிள்ளையையும் வளர்த்தவள். மகனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள். அவன் செத்தது என் வாய் வார்த்தையில் என்று அவளுக்குத் தெரியாமல் இருப்பது ஒன்றுதான் அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது. அதையும் பிடுங்க வேண்டும். நாலாம் நாள் வக்கீலைக் கூப்பிட்டு, அவள் சொல்வதைக் கேட்காதீர்கள், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன்.

எங்கள் பில்டிங் கீழே கீழக்கரைப் பாய் ஒருவர் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். இங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொல்லப் பின்னறையில் கம்ப்யூட்டரைத் தயார்பண்ணிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மேடமும் வந்தார். நான்தான் இவருக்குச் சொல்லிக் கொடுத்தேன், என்னையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று வக்கீலிடம் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டை மூக்கு, குழி மூக்கு, அட்டைச் சுவர், குழந்தை. சர்க்கார் வக்கீலும் திரையில் இருந்தார். அவர் ஒன்று கேட்டார், மகள் யாருக்குப் பயப்படுகிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா.

தெரியாது என்றேன்.

கேட்டீர்களா.

கேட்கவில்லை.

முடிந்த பிறகு எங்கள் வக்கீல் ரொம்ப நன்றாகச் சொன்னீர்கள் என்றார். நீங்கள் கேட்காமல் இருந்ததுதான் வழக்குக்குப் பெரிய பலம், இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போடவில்லை என்று அதிலேயே தெரிகிறது என்றார்.

நான் கேட்காதது பலமாம். பாய் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். குடித்தேன்.

ஊரில் எப்படியும் தெரிந்துவிடும். மற்றவர் வாயில் அக்கா கேட்கக் கூடாது. பாய் கடையிலிருந்தே, கார்டு போட்டு, சாதாரண காலில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். குக்கர் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னேன். மகள் தோட்டா கேட்டதிலிருந்து நான் சாட்சி சொன்னது வரை. குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் வந்தது.

"நீயா சொன்ன?"

"ஆமா."

"யாருக்குன்னு கேக்கலயா?"

"கேக்கலக்கா."

பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது கேட்டது.

"அந்தத் தோட்டா, தம்பி. அது வலிக்குமா? அவனுக்கு வலிச்சிருக்குமா?"

அது உள்ளே போனால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கேனில் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிஷம் ஆனது என்று அந்த நர்ஸ் சொன்னதும் தெரியும்.

"இல்லக்கா. அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"நெசமாவா?"

"நெசமா. எனக்குத் தெரியும்க்கா."

"ஆமா. உனக்குத் தெரியும்" என்றாள். வைத்துவிட்டாள்.

நாலு மாசம் கழித்து வழக்கைக் கைவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர்களும் தினமும் கேட்ட சத்தத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மகள் வெளியே வந்துவிட்டாள். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. அவள் நன்றாக இருக்கிறாள் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. உயிரோடு இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள்.

இந்த வருஷம் எனக்கு லீவு வந்தது. டிக்கெட்டும் கம்பெனி கொடுத்தது. ஊருக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அக்கா உள்ளேயிருந்து பார்த்தாள். சண்டை போடவில்லை. கதவையும் சாத்தவில்லை. உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அறந்தாங்கியில் லாட்ஜில் ரூம் போட்டு மூணு நாள் இருந்தேன். மிச்ச லீவைக் கேன்சல் பண்ணிவிட்டு டூட்டிக்குத் திரும்பிவிட்டேன்.